கூடைக்குள் ஓர் அமைதி அறை

என் தொழில் அழிப்பது. அகராதி வெளியிடும் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். பிறர் எழுதியதில் ஒரு கொம்பைக் கிள்ளுவேன், ஒரு காலை ஒடிப்பேன், ஒற்று தேவையில்லாமல் மிகுந்திருந்தால் வெட்டுவேன். நான் வெட்டியது வெட்டியதுதான். அது மறுபடி எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்ததாகச் சரித்திரம் இல்லை. இந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடம் நிம்மதியாக உண்டு உறங்கினேன்.

அந்த நம்பிக்கை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வெங்காயத்துக்கும் துணி சோப்புக்கும் நடுவில், அநியாயமாகச் செத்துப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி காதுக்கருவியை, அதாவது ஹெட்போனை, கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவள் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி முணுமுணுத்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. டாக்டர்களின் கையெழுத்து புரியாது என்று குறைபடுகிறவர்கள் அவர்களுடைய பேச்சைக் கேட்டதில்லை. ஞாயிறு என்றும் பாராமல் வேலை இருக்கும். அவள் காதுக்கருவியைக் கழற்றுகிறாள் என்றால் வரப்போகும் செய்தி பெரிது.

“என்னங்க, எங்கண்ணன் வர்றார்.”

“வரட்டும். எப்பக் கிளம்புறார்?”

“எங்கேருந்து?”

“இங்கேருந்து.”

“இன்னும் வந்தே சேரல, அதுக்குள்ள கிளம்பணுமா? அவர் வீட்ல தரையெல்லாம் பேத்துப் போட்டிருக்காங்க. முடிக்க மூணு மாசம் ஆகுமாம். இங்கயே வந்து இருண்ணேன்னு சொல்லிட்டேன்.”

“மூணு மாசமா?”

“ஏன், கம்மியா இருக்கா?”

மச்சானைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் ஏலம் விடுபவர். பழைய பீரோ, மூடிப்போன கம்பெனியின் நாற்காலி, யாரோ மறந்துவிட்டுப் போன சைக்கிள், எதையும் விற்பார். ஒலிபெருக்கி எதற்கு என்று கேட்டு வேலைக்குச் சேர்ந்தவர். தொழில் உடம்பில் ஊறிவிட்டது. எதையும் மூன்று முறை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. ‘டீ ஒரு தரம்’ என்பார். நீங்கள் எழுந்திருப்பதற்குள் ‘டீ ரெண்டு தரம்’. மூன்றாம் தரத்துக்குள் கோப்பை கைக்கு வராவிட்டால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது பயந்துபோய்க் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். தூக்கத்திலும் ஏலம்தான். குறட்டை குறைந்த விலையில் தொடங்கும். படிப்படியாக ஏறும். உச்சத்தில் ஒரு கணம் அப்படியே நிற்கும். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பிறகு சுத்தியல் விழும்.

எனக்கோ அந்த மூன்று மாதத்தில்தான் அகராதியின் பகர வரிசை மெய்ப்புக்கு வருகிறது. ‘ப’வில் தொடங்கும் சொற்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு புள்ளியைத் தவறவிட்டால் அந்தப் பிழை பள்ளிக்கூடம் வரை போய்ப் பிள்ளைகளைக் கெடுக்கும். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சத்தமில்லாத ஒரு மூலை. மனைவிக்கு இதில் கஷ்டமில்லை. அவள் காதில்தான் எப்போதும் கருவி இருக்கிறதே!

அன்றே சபதம் எடுத்தேன். பகர வரிசையை மச்சான் இல்லாத ஒரு கூரையின் கீழ் முடிப்பேன். எந்தக் கூரை என்பது மட்டும்தான் தெரியவில்லை.

எங்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் ‘கூடை’ என்ற செயலியில் வாங்குபவை. அது என் போனிலும் இருக்கிறது, அவள் போனிலும் இருக்கிறது. கணக்கு மட்டும் ஒன்று. இது என் யோசனை. ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த காலத்தில் இருவரும் ஒரே நாளில் மூட்டை மூட்டையாக வெங்காயம் வாங்கி, ஒரு மாதம் வீடே அழுதது. ஆகவே ஒரு வீடு, ஒரு கூடை. அவள் உப்பு போட்டால் என் போனில் தெரியும். நான் கிரீம் பிஸ்கட் போட்டால் அவள் போனில் தெரியும். அடுத்த நொடி அந்த பிஸ்கட் காணாமல் போவது என் போனில் தெரியும்.

அன்று மாலை வெங்காயம் போடக் கூடையைத் திறந்தேன். வெங்காயத்துக்குக் கீழே ஒரு விளம்பரம். ‘அமைதி அறை. படிக்க, எழுத, சும்மா இருக்க. சத்தமில்லாத தெரு. மாத வாடகைக்கு.’

நான் தேடவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை. தானாக வந்து காலடியில் நிற்கிறது. நல்லவர்களுக்கு நல்லது நடக்கும் என்று அந்த நிமிடம் மனப்பூர்வமாக நம்பினேன்.

தொட்டேன். பக்கம் திறந்தது. வெள்ளைச் சுவர், ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வாயைத் திறக்காத ஒரு மரம். படத்துக்குக் கீழே ஒரு கட்டம். ‘அறை எதற்காக என்று வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதுங்கள்.’

உண்மையை எழுதுவது என் வழக்கம். ‘என் மனைவியின் அண்ணன் வருகிறார், அவருடைய குறட்டை’ என்று ஆரம்பித்தேன். விரல் ஓட்டமெடுத்துவிட்டது. குறட்டையின் ஏற்ற இறக்கம், அந்தச் சுத்தியல், உறவினர் வருகையால் எனக்கு ஏற்படும் மன உளைச்சல், தனியாகவே சமைத்துக்கொள்ளும் என் திறமை என்று ஒரு முழுப் பத்தி. படித்துப் பார்த்தேன். நடை அருமை. ஆனால் பத்திரமில்லை. முழுவதையும் அழித்தேன், கடைசி எழுத்து வரை. அந்த இடத்தில் ‘அகராதிப் பணிக்காக. புதன்கிழமை நேரில் வருகிறேன்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

பிறகு, பல் துலக்குவது போல நான் தினமும் செய்யும் கடமை. போனில் இருக்கும் உலாவியைத் திறந்து, பார்த்த பக்கங்களின் வரலாறு முழுவதையும் துடைத்தேன். என்னிடம் மறைக்க எதுவுமில்லை. ஆனாலும் மறைக்க எதுவுமில்லாதவனுக்கும் குளியலறைக்குக் கதவு வேண்டும் என்பது என் கொள்கை.

சாப்பிடும்போது மெல்ல விதை போட்டேன்.

“ஆபீஸ்ல பெரிய வேலை வந்திருக்கு. மூணு மாசம் அங்கயே தங்கி முடிக்கணும் போலிருக்கு.”

“அப்படியா? பாவம்,” என்றாள் மனைவி.

அவ்வளவுதான். எங்கள் திருமண வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் இவ்வளவு குட்டிப் பதில் வந்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ என் சாமர்த்தியத்துக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை.

“என்னங்க, இந்தக் கூடைக்கு என்னமோ ஆயிடுச்சு,” என்றாள், தன் போனைப் பார்த்தபடி.

“ஏன், வெங்காயம் வரலையா?”

“வெங்காயம் கிடக்கட்டும். காதடைப்பான் வேணுமான்னு கேக்குது.”

நான் விழுங்கிய டீ மூக்குக்குப் போய்விட்டுத் திரும்பியது.

“‘குறட்டையிலிருந்து விடுதலை’ன்னு போட்டிருக்கு. நம்ம வீட்ல யாரு குறட்டை விடுறா?”

“யாரும் இல்லையே!”

“நீங்க விடுவீங்க. ஆனா அதக் குறட்டைன்னு சொல்ல முடியாது. எலி எதையோ சுரண்டுற மாதிரி இருக்கும்.” திரையைத் தள்ளினாள். “அட, இதப் பாருங்க. ‘தனியாக வாழும் ஆண்களுக்கான சின்னக் குக்கர்.’ தனியா வாழுற ஆம்பளை யாருங்க நம்ம வீட்ல?”

“எல்லாருக்கும் பொதுவா அனுப்புவாங்கம்மா.”

“‘உறவினர் வருகையால் மன உளைச்சலா? எங்கள் ஆலோசகரிடம் மனம் திறந்து பேசுங்கள்.’”

மன உளைச்சல்! என் சொல்! எண்ணி எடுத்துப் போட்டு, நானே அழித்த சொல்!

“உறவுக்காரங்க வர்றதுக்கெல்லாமா ஆலோசகர் வெச்சிருக்காங்க?”

“விளம்பரம்னா அப்படித்தான். கண்டதையும் போடுவாங்க.”

“கண்டதத்தான் போடுறாங்க போல,” என்று சொல்லிவிட்டுக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள்.

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினேன். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் போன் பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரரை எல்லோரும் ஆன்டெனா என்போம். ஆள் உயரம், ஒல்லி, தெருவில் எந்தச் செய்தி பறந்தாலும் முதலில் அவர் தலையில்தான் வந்து உட்காரும்.

“ஆன்டெனா, அவசரம். நான் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். வரலாற்றைத் துடைச்சிட்டேன். அப்படியும் அதே விஷயமா விளம்பரம் வருது. எப்படி?”

அவர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்களுமா சார்?”

அந்த உம்மையை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் வேறு யாரோ வந்து போயிருக்கிறார் என்று அது கூவிக் கூவிச் சொல்கிறது. பதற்றத்தில் தொழில் மறந்துவிட்டது.

“எதுக்குள்ள இருந்து தொட்டீங்க?”

“கூடை.”

“தொட்டதும் அந்தப் பக்கம் எங்க திறந்துச்சு?”

“போன்லதான்.”

“போன்ல எங்க சார்? பிரவுசர்லயா, கூடைக்குள்ளயேவா?”

“பக்கம் பக்கமாத்தானே இருந்துச்சு? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

ஆன்டெனா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

“பாக்குறதுக்கு பிரவுசர் மாதிரியே இருக்கும் சார். ஆனா அது கூடையோட சொந்த ஜன்னல். நீங்க வெளிய போயிட்டதா நினைப்பீங்க. போயிருக்க மாட்டீங்க. அவங்க வீட்டு ஹால்ல உக்காந்து, அவங்க ஜன்னல் வழியா வெளிய எட்டிப் பாக்குறீங்க. பின்னாடி நின்னு அவங்களும் பாக்கலாம்.”

“என்னத்தப் பாக்கலாம்?”

“எதத் தொட்டீங்க, எங்க நின்னீங்க, என்ன டைப் பண்ணீங்க. எல்லா ஆப்பும் அப்படிப் பண்ணுதுன்னு நான் சொல்லல. பண்ண வழி இருக்கு. உங்க கூடை பண்ணியிருக்கு, அவ்வளவுதான்.”

“அப்ப நான் தினமும் துடைக்கிறது?”

“அது பிரவுசரோட வரலாறு. அங்க நீங்க போகவே இல்லையே சார். எதிர்வீட்டு வாசலைப் பெருக்கிட்டு நம்ம வீடு சுத்தமாயிடுச்சுன்னு கை கழுவுறீங்க.”

கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று பாக்கி. கேட்கப் பயமாக இருந்தது.

“சரி... எழுதிட்டு, அனுப்பாம, அழிச்சிட்டா?”

“எழுத்து விழும்போதே பாக்கலாம் சார். நீங்க அனுப்புற வரைக்கும் அவங்க காத்திட்டிருக்கணும்னு சட்டமா?”

“அழிச்சதுமா?”

“அழிச்சதும் தெரியும். அழிச்சீங்கங்கறதும் தெரியும்.”

அந்தக் கடையில் நாற்காலி கிடையாது. இருந்திருந்தால் விழுந்திருப்பேன். நான் நீக்கிய பத்தி நீங்கவில்லை. நீக்கினேன் என்ற செய்தியோடு, அழியாத மையில், எங்கோ உட்கார்ந்திருக்கிறது. என் தொழிலையே கேலி செய்ய ஒருவன் இயந்திரம் கண்டுபிடித்திருக்கிறான்!

“இதுக்குப் பேர் என்ன?”

“இன்-ஆப் பிரவுசர்னு சொல்வாங்க.”

‘செயலி அக உலாவி’ என்று மனதுக்குள் மொழிபெயர்த்தேன். பெயர் வைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும் என்பது அகராதிக்காரர்களின் நம்பிக்கை. போகவில்லை. ‘வேவுச் சாளரம்’ என்று திருத்தினேன். கூடிவிட்டது.

“இனிமே லிங்க் திறந்ததும் மேல ஓரத்துல மூணு புள்ளி இருக்கான்னு பாருங்க,” என்றார் ஆன்டெனா. “அதத் தொட்டா ‘பிரவுசரில் திற’ன்னு வரும். அப்பத்தான் நிஜமா வெளிய வர்றீங்க.”

மூன்று புள்ளி என்றால் வாக்கியம் முடியவில்லை என்று மட்டும்தான் இத்தனை காலம் எனக்குத் தெரியும். அது தப்பிக்கும் வாசல் என்று எந்த இலக்கணமும் சொல்லித்தரவில்லை.

“நேத்து எழுதினது?”

“நேத்து போனது போனதுதான். அது சரி, உங்க போன்ல வர வேண்டிய விளம்பரம் அம்மா போன்ல ஏன் வருது?”

“ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு.”

“அய்யய்ய! யாரு சார் அப்படி வெக்கச் சொன்னது?”

அந்த நிமிடம் என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. கூடை நான் எழுதுவதையெல்லாம் அப்படியே நம்புகிறது. அப்படியானால் பொய்யையும் நம்பும்!

“ஆன்டெனா, அதே ஜன்னல்ல போய் வேற மாதிரி எழுதினா விளம்பரமும் வேற மாதிரி மாறிடும்தானே?”

“மாறும். ஆனா வேணாம் சார். எழுதினதுக்கு மேல எழுதினா இன்னும் சிக்கலாகும்.”

“பிழைக்கு மேல திருத்தம் எழுதுறதுதாங்க எனக்குச் சம்பளமே,” என்று சொல்லிவிட்டு அலுவலகம் போனேன்.

அன்று பகர வரிசை ஓர் அங்குலம் நகரவில்லை. மேசையில் மெய்ப்புத் தாளை விரித்து, அதன் மறைவில் போனை வைத்துக்கொண்டு, கூடைக்குள் இருந்த ஒவ்வொரு விளம்பரத்தையும் தொட்டு, அதன் வேவுச் சாளரத்தில் உட்கார்ந்து, உலகத்திலேயே அன்பான மைத்துனனாக வாழ்ந்தேன். ‘மச்சானை மகிழ்விப்பது எப்படி’ என்று எழுதினேன். ‘கனத்த உடம்புக்கு அகலக் கட்டில்’ என்று எழுதினேன். ‘மனைவியின் அண்ணனுக்குப் பரிசு, மனைவிக்குத் தெரியாமல்’ என்று எழுதிவிட்டு, ‘மனைவிக்குத் தெரியாமல்’ என்பதை அழித்தேன். அழித்தால் கூடுதல் கவனம் பெறும் என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா! கேரம் பலகை, சாய்வு நாற்காலி, தொண்டைக்கு இதமான தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, “மச்சான் மேல இவ்வளவு பாசமா? கொடுத்து வெச்ச மனுஷன்,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நடிப்பில் அவ்வளவு ஒன்றிவிட்டேன்.

பலன் செவ்வாய்க்கிழமை காலையே தெரிந்தது. மனைவி போனும் கையுமாக, ஈரக் கண்ணோடு, என் எதிரில் வந்து நின்றாள்.

“நீங்க இப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க.”

“எப்படிப்பட்டவர்?”

“கூடை முழுக்கக் கட்டில். கேரம் போர்டு. ‘உங்கள் மைத்துனருக்கு ஏற்ற சாய்வு நாற்காலி’. நீங்கதானே தேடினீங்க?”

“அது... வந்து... சும்மா பார்த்தேன்.”

“எங்கண்ணனுக்காக இவ்வளவு யோசிச்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க!”

“இதெல்லாம் சொல்லிட்டா செய்வாங்க?” என்றேன், பணிவாக. திட்டம் பலித்துவிட்டது. காதடைப்பான் மறைந்தது, குக்கர் மறைந்தது. என் மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. இனி புதன்கிழமை அமைதி அறைக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை ‘ஆபீஸ் வேலை’க்குக் கிளம்பினால் முடிந்தது.

“கட்டில ஆர்டர் போட்டுட்டேன்,” என்றாள்.

“எங்க போடுறது?”

“உங்க புத்தக ரூம்லதான். புத்தகத்தையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். நீங்கதான் ஆபீஸ்லயே தங்கப் போறீங்களே?”

வலித்தது. ஆனால் அமைதி அறையின் வாயில்லாத மரத்தை நினைத்துக்கொண்டேன். “தாராளமா,” என்றேன்.

“அண்ணனுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மாப்ளே எனக்காகவா கட்டில் பாக்குறார்னு ஒரு தரம் கேட்டார், ரெண்டு தரம் கேட்டார், மூணாம் தரம் அழுதே போயிட்டார். அடுத்த வாரம் வர்றதா இருந்தவர் நாளைக்கே வர்றாராம்.”

புதன்கிழமை காலை கட்டில் வந்தது, கூடவே கேரம் பலகையும் வந்தது. கட்டிலுக்குப் பின்னாலேயே மச்சான் வந்தார். மாடிப்படி முழுவதும் “மாப்ளே!” என்ற ஒரே சொல்லால் நிறைந்தது. அதற்குள் மனைவி ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நீங்க பேசிட்டிருங்க, ஒரு வேலை இருக்கு,” என்று வெளியே போய்விட்டாள். நான் மச்சானைப் புதுக் கட்டிலில் உட்கார வைத்து, கேரம் பலகையை மடியில் வைத்து, “இதோ வந்துடறேன் மச்சான்,” என்று சொல்லிவிட்டு நழுவினேன். தெருமுனை வரை அவர் குரல் என்னோடு நடந்து வந்தது.

அமைதி அறை இருந்த தெருவில் என் மூச்சே எனக்குக் கேட்டது. கதவைத் தட்டினேன். வீட்டுக்கார அம்மாள் திறந்தார். உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவா பேசுங்க,” என்று கிசுகிசுத்தார். “என்ன வேணும்?”

“அறை,” என்று நானும் கிசுகிசுத்தேன். “அகராதிப் பணி. ஞாயித்துக்கிழமை எழுதியிருந்தேன்.”

“அடடா, அது போயிடுச்சுங்களே! ஒரு அம்மா நேத்தே வந்து சாவி வாங்கிட்டாங்க.”

“நேத்தா? யாரு?”

“ரொம்ப நல்ல மாதிரி. ஆபீஸ்ல பெரிய வேலை வந்திருக்காம். மூணு மாசம் தங்கி முடிக்கணுமாம்.”

எனக்கு இந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிப்பதற்குள் மாடியிலிருந்து ஒரு வாசனை வந்தது. சோறு வெந்துகொண்டிருந்தது. ஒருத்தருக்கு மட்டுமான சோறு, வாசனையிலேயே தெரிந்தது. வீட்டுக்கார அம்மாள் தடுப்பதற்குள் படியேறிவிட்டேன்.

வெள்ளைச் சுவர். மேசை. ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வாயைத் திறக்காத மரம். ஜன்னல் விளிம்பில், தனியாக வாழும் ஆண்களுக்கான சின்னக் குக்கர். மேசையில், காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என் மனைவி.

“வாங்க,” என்றாள். “அண்ணன் சாப்பிட்டாரா?”

“நீ... இங்க... எப்படி?”

“அன்னிக்கு ராத்திரியே என் போன்ல வந்துச்சே. ‘நீங்கள் பார்த்த அமைதி அறை இன்னும் காலியாக இருக்கிறது.’ மொதல்ல நீங்க உங்களுக்குத்தான் பாக்குறீங்களோன்னு நினைச்சேன். எனக்கு அப்படியே நெஞ்சு அடைச்சிடுச்சு. எங்கண்ணன் வர்றப்ப இவர் ஓடிப்போறாரேன்னு.”

“சேச்சே!”

“அதத்தான் நானும் சொல்றேன். மறுநாளே கட்டில், கேரம் போர்டு, தேன். அண்ணன் மேல உயிரையே வெச்சிருக்கிற மனுஷன் அவரை விட்டுட்டு எப்படி ஓடுவார்? அப்ப ரூம் யாருக்கு? யோசிச்சேன். எனக்குத்தான்! டாக்டருங்க முணுமுணுக்கிறத நான் அந்தச் சத்தத்துல எப்படிக் கேப்பேன்? ஒரு வார்த்தை தப்பாக் கேட்டு, இடது காலுக்கு பதிலா வலது கால்னு அடிச்சிட்டா நோயாளி கதி என்ன? அதையெல்லாம் நினைச்சுத்தானே எனக்குத் தெரியாம ரூம் பார்த்திருக்கீங்க?”

நான் வாயைத் திறந்தேன். ‘இல்லை, எனக்காகத்தான் பார்த்தேன்’ என்றால் கட்டில் பொய். ‘உனக்காகத்தான் பார்த்தேன்’ என்றால் அறை போச்சு. இரண்டு வாக்கியத்தையும் மனதில் எழுதினேன். இரண்டையும் அழித்தேன்.

“ஆமா,” என்றேன்.

“தெரியும்,” என்றாள். அவள் உதட்டோரத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. “ஆனா ஒன்னு கேக்கணும். வெங்காயம் வாங்கப் போன உங்களுக்கு அமைதி அறை விளம்பரம் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தீங்களா?”

“தானா வந்துச்சு.”

“தானா எதுங்க வரும்? அண்ணன் வர்றேன்னு போன வாரமே எனக்குச் சொல்லிட்டார். நான்தான் கூடைக்குள்ள உக்காந்து, சத்தமில்லாத ரூம் எங்க கிடைக்கும்னு தேடித் தேடி எழுதினேன். உங்ககிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு புரியாம எல்லாத்தையும் அழிச்சேன்.”

“அழிச்சியா?”

“அழிச்சா போயிடும்னுதானே நானும் நினைச்சேன்? அப்புறம் எனக்கே காதடைப்பான் விளம்பரம் வர ஆரம்பிச்சுது. ஒரே கணக்காச்சே, உங்க போன்லயும் வந்துடுமேன்னு பதறிப்போய் ஆன்டெனா கடைக்கு ஓடினேன். ஜன்னல், பின்னாடி நிக்கிற ஆளு, மூணு புள்ளி, எல்லாம் சொன்னார்.”

நீங்களுமா சார். உம்மையே, என்னை மன்னித்துவிடு.

“கிளம்புங்க, அண்ணன் தனியா இருப்பார்,” என்றாள். எழுந்து வந்து என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். காதடைப்பான். “உங்களுக்குன்னு வாங்கினேன். ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன். அண்ணன்கிட்ட, ஆபீஸ்ல பெரிய வேலைன்னு சொல்லிடுங்க.”

காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். டாக்டர் ஒருவர் அவள் காதுக்குள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கார அம்மாள் படியிறங்கும் என்னைப் பார்த்து மறுபடி உதட்டில் விரல் வைத்தார். நான் எதுவும் பேசும் நிலையில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

வீட்டுக்குள் நுழையும்போது போன் துடித்தது. மனைவியிடமிருந்து செய்தி. ‘அண்ணனுக்கு டீ ஒரு பக்குவமா இருக்கணும். எப்படின்னு லிங்க் அனுப்பியிருக்கேன். பார்த்துப் போடுங்க.’

தொட்டேன். பக்கம் செய்திச் செயலிக்குள்ளேயே திறந்தது. நான் பழைய ஆள் இல்லை. மேலே ஓரத்தில் மூன்று புள்ளி. தொட்டேன். ‘பிரவுசரில் திற’. வெளியே வந்தேன், நிஜமாகவே வெளியே. எவனும் பின்னால் நிற்கவில்லை. படித்தேன். படித்து முடித்ததும் வரலாற்றையும் துடைத்தேன். அகராதிக்கு மெய்ப்புப் பார்க்கும் ஒருவன் மச்சானுக்கு டீ போடக் கற்றுக்கொள்கிறான் என்பது இந்த உலகத்தில் ஒரு செயலிக்கும் தெரியக் கூடாது. அந்தரங்கம் என்றால் அந்தரங்கம்தான்.

அடுப்பைப் பற்ற வைத்தேன்.

பால்கனியில், தெருவைப் பார்த்து நின்றுகொண்டு, மச்சான் தொண்டையைச் செருமினார்.

“மாப்ளே டீ போடுறார், ஒரு தரம்!”